ரெக்ஸியின் இடது காது

கிளறன்ஸ் அச்சிலிருந்து கழற்றும் சீமெந்து நாய்க்கு ஒரு காதாவது உடையாமல் இருந்ததில்லை. என் மனுசனுக்குப் பொறுமை கிடையாது. காய முதலே கழற்றிவிடுவார். உடைந்த காதுக்குச் சீமெந்து குழைத்து ஒட்டி, தேய்த்து, நிறம் அடிப்பது என் தலையெழுத்து. கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த நாளிலிருந்து நான் நாய்க்குக் காது ஒட்டுகிறேன்.

இந்த நாய் வெள்ளவத்தை யோகநாதன் ஐயா சொல்லிச் செய்தது. செத்துப்போன தங்கள் ரெக்ஸியின் படம் ஒன்று தந்திருந்தார். அதில் வலது பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அந்த நிறம் என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. ஈரம் காயாத சீமெந்தில் அடித்த முதல் பூச்சு உப்புப் பூத்து உரிந்தது. அடுத்தது செங்கல் நிறமாகப் போனது. கடைசியில் சரிவந்தபோது எனக்கு அழுகையே வந்தது.

எடுத்துப்போக ஐயா மனைவியோடு வந்தார். அவர் கையைப் பிடித்துப் படி ஏற்றியபோதுதான் அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது என்று கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை பாடு?

அம்மா குந்தியிருந்து நேரே இடது காதைத் தேடினார். நுனிவரை தடவிவிட்டுக் கையை எடுத்தார்.

“இது ரெக்ஸி இல்லை.”

“அவனுக்கு இடது காது பாதிதான் பிள்ளை,” என்றார் ஐயா. “வேறை நாய் கடிச்சது. இவ எப்பவும் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பா. உங்கட மனுசனிட்டைச் சொன்னனான்.”

நான் கிளறன்ஸைப் பார்த்தேன்.

“பாதியாத்தான் வெட்டி வச்சேன்,” என்றார், குரல் உள்ளே போய். “உனக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

அதையும் அவர் உடைத்த காது என்று நினைத்து ஒட்டி வைத்திருக்கிறேன். யாரை ஏசுவது?

கிளறன்ஸ் சுத்தியலை எடுத்தார். கேட்காமலே காது உடைக்கிற மனுசன் அன்றைக்குப் பார்த்து ஓங்கிய சுத்தியலை இறக்கிவிட்டார்.

“தலையும் வெடிச்சிரும், யூஜினா.”

சுத்தியலைப் பறித்து ஒரு தட்டுத் தட்டினேன். நான் ஒட்டிய துண்டு மட்டும் விழுந்தது.

அம்மா மறுபடி தொட்டார். விரல்கள் அங்கேயே நின்றன.

“ஓம், இவன்தான்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன நிறம் பிள்ளை? என்ர பார்வை போன பிறகு வந்தவன். இவரிட்டைக் கேட்டால் பிறவுண் எண்டு மட்டும்தான் சொல்லுவார்.”

“சும்மா பிறவுண் இல்ல அன்ரி,” என்று அவர் கையைப் பிடித்து நாயின் முதுகில் வைத்தேன். “இங்க பிளேன்டீ நிறம். கீழ வர வர, கொஞ்சம் கொஞ்சமாப் பால் விட்ட மாதிரி...”