இரண்டு பக்கமும் வேர்விட்ட முள்

போட்டிக்காரியின் கூடைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது சந்தை மரியாதையில் சேராது. கெஸியா அதைத்தான் செய்தாள். மென்றாள், உடனே விழுங்காமல் நாக்கிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கூடைக்குப் பின்னால் நின்ற திர்ஸாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க பறிச்ச?"

"வேலியிலதான், கெஸியாக்கா."

"எந்த வேலி?"

திர்ஸா தராசுத் தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு அது.

செப்டம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் சாமர்செட்டில் பிளாக்பெரி காய்க்காத வேலி கிடையாது. விதைத்தவனும் இல்லை, வாடகை கேட்கிறவனும் இல்லை. துணிக்குச் சாயம் போடுகிறவன் எதைக் கொடுத்தாலும் எடை போட்டு வாங்கிக்கொள்வான். ஆனால் கூடை தூக்கத் தெரிந்த வயதிலிருந்தே சந்தையில் நிற்கிற கெஸியாவுக்கு ஒவ்வொரு புதரின் பழமும் ஒவ்வொரு முகம். வண்டிப்பாதைப் பழத்தில் புழுதி இருக்கும். ஓடைக்கரைப் பழம் பார்க்கக் கொழுகொழுவென்று இருந்து, வாயில் போட்டால் வெறும் தண்ணீர். திர்ஸாவின் கூடையில் இருந்தது நீளப் பழம், விதை சின்னது, இனிப்பெல்லாம் தீர்ந்த பிறகு லேசாக ஒரு துவர்ப்பு எட்டிப் பார்க்கும். இந்தப் பழம் அவளுக்கு ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வரும். அவள் புருஷன் எனோக்கின் தொப்பியிலிருந்து.

வேலிச் செடிகளை வெட்டி வளைத்துப் பின்னுவது எனோக்கின் தொழில். ஆண்டுதோறும் ஒருநாள் தொப்பி நிறையப் பழத்தோடு வருவான். எங்கே பறித்தாய் என்று கேட்டால், "பறிக்கிறது என் வேலை, திங்கிறது உன் வேலை" என்பான். அவள் சிரித்துக்கொள்வாள். சரக்கு வரும் இடத்தை வெளியே சொல்லாதவன்மேல் அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. கட்டியவளிடம்கூடச் சொல்லாதவன் வேறு யாரிடம் சொல்லப்போகிறான் என்பதுதான் இத்தனை வருஷமாக அவளுக்கிருந்த நிம்மதி. பிள்ளையில்லாத வீட்டில் இப்படிப்பட்ட சின்னச்சின்ன நிம்மதிகளைத்தான் சேர்த்து வைத்துக்கொள்ள முடியும்.

அடுத்த கடையில் முட்டை விற்கிற ஸ்னூக்கின் பெண்டாட்டி கழுத்தை நீட்டினாள். "என்னடி, மூஞ்சி இப்படிப் போகுது? பழம் புளிக்குதா?"

"பழம் நல்லாத்தான் இருக்கு."

"அதானே, திர்ஸா கல்லுடைக்கிற இடத்துல புருஷனப் பறிகொடுத்தவ. அவளுக்கு நல்ல பழமா யாரோ காட்டிக் குடுக்குறாங்க, பாவம். ஆமா, உன் வீட்டுக்காரன் இப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடுறானாமே?"

"வேல இருக்குன்னான்."

"சொல்லுவான், சொல்லுவான். ஆம்பளைங்க சொல்ற சாக்கு பிளாக்பெரி மாதிரிடி. கைய நீட்டுற எடத்துல எல்லாம் காய்க்கும்."

கெஸியா அன்று தன் பழத்தையும் வெண்ணெயையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டாள். பேரம் பேசத் தயாராக வந்தவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இரவுச் சாப்பாட்டில் எனோக்கை நன்றாகப் பார்த்தாள். முன்கையில் புதுக் கீறல்கள். வேலிக்காரன் கையில் கீறல் இருப்பது ஒரு சாட்சியா என்று ஒரு மனசு கேட்டது. தோல் கையுறை போடுகிறவனுக்கு முழங்கை வரை எப்படிக் கீறும் என்று இன்னொரு மனசு பதில் சொன்னது. இரண்டு மனசும் பேசி முடிப்பதற்குள் அவன் தூங்கிவிட்டான். கொஞ்ச நாளில் மைக்கேல் திருநாள் வந்துவிடும். அதற்குப் பிறகு சாத்தான் வந்து பழங்கள்மேல் துப்பிவிடுவான் என்பார்கள், யாரும் தொடமாட்டார்கள். ஆனால் சாத்தான் தன் வேலையைச் செய்யும்வரை காத்திருக்க அவளால் ஆகாது.

விடியலில் அவன் பின்னாலேயே போனாள். பனியில் பாவாடை நனைந்து கனத்தது. பழைய சுண்ணாம்புக் காளவாயைச் சுற்றி அவன் மறைந்தான். போகிற வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனாள். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று தெரிந்தவள். முத்தமிட்டுக்கொண்டிருந்தால் சொல்வதற்கு ஒன்று, பேசிக்கொண்டிருந்தால் சொல்வதற்கு ஒன்று, எல்லாம் தயார்.

காளவாயின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அவள் தயாரித்து வைத்திருந்த எதுவும் அங்கே நடக்கவில்லை.

திர்ஸா ஒரு பக்கம் மண்டியிட்டிருந்தாள். எனோக் கையுறையைக் கழற்றிவிட்டு எதிர்ப்பக்கம் மண்டியிட்டிருந்தான். நடுவில் ஒரு பிளாக்பெரி முட்கொடி, தலைக்கு மேலே வளைந்து போய்த் தரையைத் தொட்டிருந்தது. அதன் அடியில் திர்ஸாவின் சின்னப் பையன் நெட் கைமாறிக்கொண்டிருந்தான். அவள் நீட்டினாள், இவன் வாங்கினான். வாங்கியவன் குழந்தையின் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்ட விதத்தை கெஸியா பார்த்தாள். இவனுக்கு இது எப்படித் தெரியும்? எங்கே கற்றுக்கொண்டான்?

"யோவ் எனோக்!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

"இதான் உன் வேலையா? எனக்குக் காட்டாத எடம் இவளுக்கு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சது? ஏண்டி, நீயாவது சொல்லு. புருஷன் போனா அடுத்தவ புருஷன வச்சு ரொப்பிக்கலாம்னு எந்தச் சாமியார் சொன்னாரு?"

திர்ஸாவின் முகம் சிவந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. எனோக் தலையை மட்டும் அசைத்தான். கையும் களவுமாக அகப்பட்டவனின் மௌனம் என்றே கெஸியா எடுத்துக்கொண்டாள்.

அப்போது நெட் இருமினான். இருமல் நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முகம் நீலமாகி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சேவல் கூவுவதுபோல ஒரு சத்தம் வந்தது. கக்குவான்.

கெஸியா கொடியின் நுனியைப் பார்த்தாள். அது மண்ணுக்குள் இறங்கி வேர்விட்டிருந்தது. அடியிலும் வேர், நுனியிலும் வேர். அப்படி ஒரு முள் கிடைப்பது அபூர்வம். கக்குவான் வந்த பிள்ளையை அதற்கடியில் காலைதோறும் கைமாற்ற வேண்டும், இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் தகப்பன். முள்ளைவிட்டுக் கிளம்பி, பிள்ளை தன் வீட்டு அடுப்படியில் ரொட்டியும் வெண்ணெயும் தின்று முடிக்கும்வரை, அவனைத் தொட்ட பெரியவர்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் இருமல் பிள்ளையிடமே தங்கிவிடும். அவளுக்குத் தெரியாததா? சின்ன வயதில் அவளையே அப்படிக் கைமாற்றியிருக்கிறார்கள்.

தெரிந்த பிறகாவது கோபம் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் இவன் நிற்கிறான். திர்ஸாவைக் கட்டிப்பிடித்திருந்தால்கூட ஒரு அறையோடு போயிருக்கும்.

"பேசுய்யா" என்றாள், இந்தமுறை மெதுவாக. "நானா, இவங்களா? ஒரே ஒரு வார்த்த. அது போதும் எனக்கு."

திர்ஸா இரண்டு கைகளையும் கூப்பினாள். குழந்தை எனோக்கின் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கியது. எனோக் தன் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் வாய் திறந்தது.

கெஸியா பாய்ந்து தன் உள்ளங்கையால் அதைப் பொத்தினாள்.

பாய்ந்த வேகத்தில் மற்றக் கை குழந்தையின் முதுகில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், இனி அவளும் பேசக்கூடாது. சந்தையிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்தவள், அடுக்கிக் கொண்டுவந்த அத்தனை சொற்களையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நெட்டின் சட்டை முள்ளில் மாட்டியிருந்தது. குனிந்து, துணி கிழியாமல் எடுத்துவிட்டாள்.

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். எதிரே வந்த ஸ்னூக்கின் பெண்டாட்டி, "அட, மூணு பேருமா!" என்று முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றிக் கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவள் வாழ்நாளில் இதைவிடப் பெரிய விருந்தை அவளுக்கு யாரும் வைத்திருக்க முடியாது.

திர்ஸாவின் வீட்டு அடுப்படியில் நெட் முக்காலியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றான். ஓரத்தை முதலில், பிறகு நடுவை. தின்றுகொண்டே பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "ஏன் எல்லாரும் பேசமாட்டேங்கறீங்க?" என்று கேட்டான். எனோக் கதவருகே நின்றிருந்தான். முள்ளருகே வாயைத் திறந்தவன் என்ன சொல்லவந்தான்? கெஸியாவின் பேரையா? வேறெதையாவதா? கேட்டால் சொல்லிவிடுவான். பொய் சொல்லத் தெரியாதவன்.

ரொட்டி தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வாய்தான்.

கெஸியா மேசையிலிருந்த கத்தியை எடுத்தாள். இன்னொரு துண்டு அறுத்தாள். வெண்ணெயைக் கெட்டியாக, மூலை மூலையாக, மெதுவாகத் தடவ ஆரம்பித்தாள்.