வெட்டி எடுத்த புள்ளிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்னவள், வாயைத் திறந்தால் காரம். கட்டுரையின் இறுதிப் பிரதியைப் பார்த்த அன்று அந்தக் காரம் உச்சந்தலைக்கு ஏறியது.

கொதிக்கும் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களை அவள் அலசிக்கொண்டிருந்தாள். புரதம் கட்ட உதவும் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மூன்றெழுத்துக் குறிச்சொல் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு மேலேயே உண்டு. இந்த உயிரோ சிலவற்றை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தது. ஏன்?

'வெப்பம்தான்' என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தொடக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். கடுகுக்கு மனம் ஒப்பவில்லை. குளத்துத் தண்ணீரில் வாழும் அதன் பங்காளி பாக்டீரியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதே தேர்வு! இரண்டின் மரபணுத் தொகுதியிலும் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டும் மலிந்துகிடந்தன. குறிச்சொற்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. அதிகப் புரதம் செய்யும் மரபணுக்கள், செல் சட்டென்று படிக்கக்கூடிய குறிச்சொற்களை எடுத்தன. வெப்பத்தின் பங்கு பேருக்குத்தான்.

இறுதிப் பிரதியின் வரைபடத்தில் குளத்துப் பாக்டீரியாவின் புள்ளிகளையே காணோம். கதவைக்கூடத் தட்டாமல் பேராசிரியர் அறைக்குள் போனாள்.

"சார், குளத்து பாக்டீரியா எங்க?"

"எடுத்துட்டேன்மா. குறுக்க நிக்குது."

"குறுக்க நிக்குதான்னு பாக்கத்தானே சார் அதைச் சேர்த்தேன்!"

"இங்க பாரு. வெப்பம்தான் காரணம்னா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. அதுல கொஞ்சம், இதுல கொஞ்சம்னா கொட்டாவி விடுவாங்க. உன் பேருதான் முதல்ல இருக்கே, அப்புறம் என்ன?"

அதுதான் அவளைச் சுட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததும் இல்லாமல், மறைத்தவள் இவள் என்று பெயர் வேறு எழுதிவைத்திருக்கிறார்!

"என் பேரை எடுத்துடுங்க. என் கணக்கையும் சேர்த்து."

"அப்ப கட்டுரையே இல்லையேம்மா."

"அதைத்தான் சொல்றேன்."

பஸ் ஓட்டும் அக்காவிடம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்தாளு வீட்டுக்கு வழி சொல்லுடி, நாளைக்கு வண்டியை அங்க திருப்பறேன்" என்றாள் அக்கா. பிறகு மெல்ல, "பட்டம் தள்ளிப்போகுமா?" என்று கேட்டாள்.

போயிற்று. அவளுடைய மேசையை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். மேல்மாடியில் இருந்த இன்னொரு பேராசிரியை, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கினார். அடுத்த ஆண்டு சின்னதொரு ஆய்விதழில், எல்லாப் புள்ளிகளோடும் கட்டுரை வந்தது. ஊர் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் லிஃப்டில் பழைய பேராசிரியர் சிரித்தார். "படிச்சேன்மா. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கவர்ச்சி கம்மி."

கடுகு அடுத்த மாடியிலேயே இறங்கி, மிச்சப் படிகளைத் திடுதிடுவென்று ஏறிப் போனாள்.