பனிச்சங்காய்ச் சாறு, மூன்று பூச்சு

குருக்கள்மடத் துறையில் பாதை ஓட்டும் வல்லிபுரத்துக்கு என்ன வயது என்று 1934ஆம் ஆண்டு வைகாசி மாதம் வரை யாரும் கேட்டதில்லை. பாதை என்பது இரண்டு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிணைத்து, மேலே பலகை அடித்த மிதவை. மாட்டுவண்டி மாட்டோடு அதில் ஏறும். வல்லிபுரம் நீண்ட கம்பை ஊன்றி அதை வாவியின் அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவார். பிறகு இக்கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவார். இருபத்தாறு வருடங்களாக இதைத்தான் செய்தார். அந்த இருபத்தாறு வருடங்களிலும் ஊர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. பாதை எப்போது வெளிக்கிடும்?

ஒரு வியாழக்கிழமை அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் அதை வாசித்துச் சொன்னார். ஐம்பத்தைந்து வயது கடந்தவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்களின் வயதை, வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் நேரில் பார்த்து மதிப்பிடுவார். ஓவசியர் வரும் புதன்கிழமை வருவார்.

வல்லிபுரத்துக்குப் பிறப்புப் பதிவு இல்லை. ஆனால் இருபத்தேழு வருடங்களுக்கு முன் பெரிய புயல் அடித்தபோது அவருக்குக் கலியாணம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வெள்ளத்தில் மனைவி கண்ணகையை ஒரு தோளிலும், மாமியாரின் ஆட்டை மறு தோளிலும் சுமந்து வந்ததாகப் பாதையில் ஏறும் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை இனிச் சொல்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தார்.

மிச்சம் இருந்தது தலை. அது வெள்ளை. மீசையும் வெள்ளை. பின்னால் முடிந்திருந்த சிறிய குடுமி எல்லாவற்றையும்விட வெள்ளை.

“எனக்கும்தான் தலை வெளுத்திருக்கு” என்றாள் கண்ணகை. அவளுக்கு முப்பத்தைந்திலேயே வெளுத்துவிட்டது. “நான் என்ன செத்தா போனன்?”

“ஒனக்கு ஆரும் வயசு பாக்க வரல்லயே, புள்ள.”

வயலும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பாதை போனால் சோறும் போகும். அவளுக்கும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர் காத்தான்குடிக்குப் போய் அசனார் காக்காவின் கடையில் நின்றார்.

“தலைக்குப் பூசுற கறுப்பு மை இரிக்கா காக்கா?”

“இரிக்கி. சீமைச் சாமான். போத்தல் ரெண்டே முக்கா ரூவா.”

வல்லிபுரத்தின் மாதச் சம்பளம் பதினான்கு ரூபா.

“எவ்வளவு நாளைக்கு நிக்கும்?”

“ஒரு மாசம். மறுகா அடுத்த போத்தல்.”

“மாசா மாசமா?”

“வெள்ளைக்குத்தான் காசில்ல, வல்லிபுரம். அது சும்மா வரும்.” அசனார் தன் தாடியைத் தடவினார். அது செங்கல் நிறத்தில் இருந்தது. “மருதோண்டி கட்டித் தரட்டா? அஞ்சு சதம்.”

“வேணாம் காக்கா. ஒங்களுக்கு அழகாத்தான் இரிக்கி. எனக்கு அழகு வேணாம், அம்பதுக்குக் கீழ வேணும்.”

வெறுங்கையோடு திரும்பும் வழியில் கண்ணகையின் தம்பி கதிர்காமத்தம்பி வாவிக்கரையில் வலைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தான். பனிச்சங்காயை இடித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்தெடுத்த சாறு ஒரு பெரிய பானையில் இருந்தது. ஒரு பக்கத்தில் இன்னும் நனைக்காத புது வலை. வெள்ளைப் பருத்தி நூல். மறு பக்கத்தில் போன கிழமை நனைத்த வலை. கரிபோலக் கறுப்பு.

வல்லிபுரம் வெள்ளை நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

“மச்சான், இந்தச் சாயம் தண்ணில போகுமா?”

“வலை கிடக்கிறதே தண்ணிலதான். போனா நான் என்னத்துக்கு இடிச்சுச் சாகிறன்?”

“மயிருக்குப் பிடிக்குமா?”

கதிர்காமத்தம்பி கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான். கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் நிறுத்தினான்.

“ஒரு பூச்சுக் காணும் மச்சான், ரெண்டாவது வேணாம். பூசக்குள்ள ஒண்டும் தெரியாது, தேத்தண்ணி மாதிரித்தான் இரிக்கும். மறுகா முழுநாள் வெயில்ல காய விடணும். வெயில் படப்படத்தான் கறுக்கும். விளங்கிச்சா?”

“விளங்கிச்சு, விளங்கிச்சு” என்றார் வல்லிபுரம். அவர் அப்போது எந்த மண் முட்டியில் வாங்கிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்த சாற்றை அவர் உடனே பூசவில்லை. ஓவசியர் வரும் நாளில் நிறம் புதிதாக இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை வரை மூடி வைத்தார். செவ்வாய்க்கிழமை திறந்தபோது கண்ணகை வெளியே ஓடிப் போய்த் திரும்பி வந்தாள்.

“இது என்னது, செத்த எலியா?”

“சாயம். கதவச் சாத்து. சன்னலயும் சாத்து. ஆரும் கண்டா ஊரே சிரிக்கும்.”

இருட்டறையில், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தென்னந்தும்பைக் கட்டாகக் கட்டி அவள் பூசினாள். தலை, மீசை, புருவம். ஒரு மணித்தியாலம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தார்கள். வெளிறிய தேநீர் நிறம்.

“கறுக்கல்லயே” என்றார்.

“தம்பி என்ன சொன்னவன்? ஒரு பூச்சு எண்டுதானே சொன்ன?”

“அது வலைக்கு. வலை நூல் மெல்லிசு, என்ட மயிர் தடிப்பு. இன்னொருக்காப் பூசு.”

இரண்டாவது பூச்சுக்கும் கறுக்கவில்லை. மூன்றாவதை முட்டியோடு கவிழ்க்கச் சொன்னார். சாறு நெற்றியில் வழிந்தது, காதுக்குள் போனது, பிடரியில் இறங்கியது. கண்ணகை சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். தோலில் ஒரு அடையாளமும் இல்லை. குடுமி மட்டும் காய்ந்து கொட்டைப்பாக்குப் போல இறுகியது. அவள் விரலால் தட்டினாள். சத்தம் கேட்டது.

“கறுக்கவும் இல்ல, அவிழவும் இல்ல” என்றாள்.

புதன்கிழமை காலையிலும் அதே தேநீர் நிறம்தான். வல்லிபுரம் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு துறைக்குப் போனார்.

ஓவசியர் வினாயகமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயது இருக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சைக்கிளில் வந்து இறங்கியதும் அவருடைய கண் ஆட்களில் நிற்கவில்லை, பலகையில் நின்றது. வல்லிபுரம் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். அதிகாரிக்கு முன்னால் தலையில் துணியோடு நிற்கும் வழக்கம் அந்தத் துறையில் கிடையாது. ஓவசியர் போகும் வரை வெறுந்தலைதான்.

“என்ன அப்பு, எத்தினை வயசு?”

“தெரியாது ஐயா.”

“அறுபது இருக்குமோ?” ஓவசியர் பென்சிலை எடுத்தார். வல்லிபுரம் அதன் முனையையே பார்த்தார். ஓவசியர் பென்சிலைக் காதில் செருகினார். “சரி, அதைப் பின்னேரம் பாப்பம். முதல் பலகையை எண்ணுவம்.”

அவர் பலகைகளை எண்ணினார். ஆணிகளை எண்ணினார். ஒவ்வொரு ஆணியையும் சிறு சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பாதை ஆறு தடவை போய் ஆறு தடவை வந்தது. வைகாசி வெயில் வாவி முழுக்க அடித்தது. வல்லிபுரத்தின் தலையில் நேராக அடித்தது.

பத்தரை மணிக்கு, “அண்ணை, அந்தக் கம்பைக் கொஞ்சம் பிடியுங்கோ” என்றார் ஓவசியர். யாழ்ப்பாணத்து மரியாதை என்று வல்லிபுரம் நினைத்தார்.

ஒரு மணிக்குக் கம்பை ஊன்றிக் குனிந்தபோது தண்ணீருக்குள் கறுத்த மீசைக்காரன் ஒருவன் தெரிந்தான். பின்னால் யார் நிற்கிறார் என்று வல்லிபுரம் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு மாடு நின்றது.

மூன்று மணிக்கு ஓவசியர் மறுபடியும் நிமிர்ந்தார். “தம்பி, நெத்தியிலை என்ன, தாரோ?”

“ஓம் ஐயா” என்றார் வல்லிபுரம். “பாதைக்குத் தார் பூசினது.”

“காதுக்கையும் கிடக்கு.”

“கீழால படுத்துப் பூசினது ஐயா.”

“நல்ல உழைப்பாளி” என்று ஓவசியர் கொப்பியில் எழுதினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வராததால் கண்ணகை சோற்றுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். பாதையில் நின்ற ஆளைப் பார்த்தாள். புருவம் வரை கறுத்து, நெற்றியில் மூன்று கறுப்புக் கோடு வழிந்து, குடுமி விறைத்து நின்றது. சட்டி சரிந்தது. பிடித்துக்கொண்டாள்.

ஓவசியர் அவளுடைய வெள்ளைத் தலையைப் பார்த்தார். “வாங்கோ ஆச்சி. மகனுக்குச் சோறோ?”

பாதையில் நின்ற மூன்று வண்டிக்காரர்களும் கண்ணகையைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணகை கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார்.

“ஓம் ஐயா” என்றாள் அவள் மெதுவாக. “மகன்தான்.”

“நல்லதாப் போச்சு. இவருக்குப் பிறப்புப் பதிவு இல்லை. பெத்தவவைவிட ஆருக்குத் தெரியும்? என்ன வயசு?”

கண்ணகை சட்டியை இறக்கி வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். நேற்று வரை அந்த முழங்காலில் ஒரு வலியும் இருக்கவில்லை.

“வயசு தெரியாது ஐயா. புயல் அடிச்சக்குள்ள சின்னப் பொடியன். ஒரு தோள்ல இவன், மறு தோள்ல ஆடு. கழுத்தளவு தண்ணி. நான்தான் சுமந்து வந்த.”

கதையின் சொந்தக்காரர் கம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“தோளிலை சுமந்ததெண்டால் பத்துப் பதினொரு வயசுக்கு மேலை இராது” என்றார் ஓவசியர். “அது நடந்து இருபத்தேழு வருசம். அப்ப முப்பத்தெட்டு.” எழுதினார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். “ஆனால் வேலை தொடங்கி இருபத்தாறு வருசம் எண்டு கிடக்கே. பன்னிரண்டு வயசிலையோ பாதை தள்ளினவர்?”

வல்லிபுரத்தின் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது. கறுப்பு அசையவில்லை.

“என்ன செய்யிற ஐயா” என்றாள் கண்ணகை. “தகப்பன் சரியில்ல.”

ஓவசியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மகன் சொல்வழி கேக்கிறவரோ ஆச்சி?”

“அதுதான் இல்ல. ஒரு பூச்சுக் காணும் எண்டு சொன்னா மூண்டு பூச்சுப் பூசச் சொல்லுற ஆள்.”

“தம்பி, தார் எண்டால் ஒரு பூச்சுக் காணும்” என்றார் ஓவசியர். “அரசாங்கச் சாமானை வீணாக்கப்படாது. தாய் சொன்னால் கேக்க வேணும்.”

“கேக்கிறன் ஐயா” என்றார் வல்லிபுரம்.

“கலியாணம் முடிச்சாச்சோ?”

கண்ணகை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருடங்களில் அவளுக்கு இப்படி ஒரு நாள் கிடைத்ததில்லை. “இந்த மூஞ்சிக்கு ஆரு ஐயா பொண்ணு குடுக்கிற?” என்றாள்.

வண்டிக்காரர் ஒருவர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ ஆச்சி. அரசாங்க வேலை. இன்னும் பதினேழு வருசம் சேவை கிடக்கு.” ஓவசியர் கொப்பியை மூடினார். “எங்கடை கந்தோர்க் காவல்காரற்றை தங்கச்சி ஒராள் இருக்கிறா. நல்ல அடக்கமான பிள்ளை. அடுத்த மாதம் ஆணி மாத்த வரேக்கை அவவின்ரை ஆக்களையும் கூட்டிவாறன்.”

சைக்கிள் மணி அடித்துக்கொண்டு அவர் போனார்.

வல்லிபுரம் கை கழுவிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். வேலை தப்பியது. பதினேழு வருடம். மீன் குழம்பு இவ்வளவு ருசியாக அவருக்கு இருந்ததே இல்லை.

“அடக்கமான பிள்ளையாம்” என்றார்.

கண்ணகை சட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை கதிர்காமத்தம்பி முட்டியைத் திரும்ப வாங்க வந்தான். வளவின் நடுவில், நிழலே இல்லாத இடத்தில், அக்கா பாயில் உட்கார்ந்திருந்தாள். நீண்ட தலைமயிரை வலை காயப்போடும் கயிற்றில் விரித்துப் போட்டிருந்தாள். வேர்ப்பக்கம் ஏற்கெனவே கறுத்துவிட்டது. நெற்றியிலும் காதிலும் தேங்காய் எண்ணெய் தடித்துப் பூசியிருந்தாள். தோலில் ஒரு கறையும் இல்லை. வல்லிபுரம் சற்றுத் தள்ளி உரலில் பனிச்சங்காய் இடித்துக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றிக் கோடுகள் இன்னும் போகவில்லை.

“அக்கா, நீயுமா?”

“ஒரு பூச்சுத்தான். அங்கால நில்லு, வெயில மறைக்காத.”

“ஓவசியர் வந்து தாய் எங்க எண்டு கேட்டா?”

“மாமி கதிர்காமக் கோயிலுக்கு நடந்து போயிட்டா எண்டு சொல்லுவன். நான் மருமகள். போன கிழமைதான் சோறு குடுத்துக் கலியாணம் முடிச்சுக் கூட்டிவந்தவர்.”

“கதிர்காமத்துக்குப் போன ஆள் திரும்பி வரணுமே.”

கண்ணகை ஒரு கற்றை மயிரைத் திருப்பி மறுபக்கத்தை வெயிலில் காட்டினாள்.

“அவட மகனுக்கு அம்பத்தஞ்சு வரட்டும்” என்றாள். “மறுகா வருவா.”

வல்லிபுரம் உலக்கையை நிறுத்தாமல் பதினேழு வருடங்களை மாதங்களாக்கி, மாதத்துக்கு ஒரு பூச்சு என்று எண்ணிப் பார்த்தார். பிறகு வேலிக்கு அப்பால் நின்ற பனிச்சை மரத்தைப் பார்த்தார். காய் நிறைய இருந்தது. ஆனால் அது இரண்டு தலைக்குக் காணுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.