சாய்வெழுத்தில் ஒரு பெயர்

மேற்கே மலைத்தொடர் முகில் போர்த்து நிற்க, கிழக்கே திராட்சைப் பந்தல்கள் பச்சை விரித்துக் கிடக்க, இடையே முல்லையாறு இருபோக வயல்களுக்கு நீரூட்டிச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்கிலே, இளவெயில் ஏறிவரும் முற்பகற் பொழுதில், உத்தமபாளையத்து அச்சகம் ஒன்றின் முன்னே கோம்பை ஈஸ்வரபாண்டி வந்திறங்கினார். தங்கை மகாலட்சுமியின் மகளுக்குத் திருமணம். அச்சாகி முடிந்த அழைப்பிதழ்க் கட்டை வாங்கிவருமாறு தங்கை அனுப்பியிருந்தாள். பிறவியிலேயே வலக்கால் குறுகியவராதலால், அடிக்கொருமுறை வலப்புறம் சாய்ந்தெழுந்தே அவர் நடப்பார். எதிரே இருவர் சிரித்தால், அது தம் காலைக் கண்ட சிரிப்பே என்று முடிவு கட்டிவிடுவார். அந்த ஐயத்திலேயே ஐம்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டார், பாவம்.

கட்டைப் பிரித்து ஓரிதழை எடுத்தவரின் முகம் கறுத்தது. மணமக்கள் பெயர் முதல் உற்றார் பெயர் ஈறாக எல்லாம் நிமிர்ந்து நிற்க, 'தாய்மாமன் ஈஸ்வரபாண்டி' என்னும் ஒரு வரி மட்டும் தடித்து, வலப்புறம் சாய்ந்து கிடந்தது. இது தங்கை கணவர் தங்கப்பாண்டியின் வேலையே; ஊர் பார்ப்பது போதாதென்று என் நடையை வீடுவீடாக அனுப்புகிறாரா என்று உள்ளம் கொதித்தது. கட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போவது, திருமணப் பந்தலை மிதிப்பதில்லை, தாய்மாமன் முறையை வேறு எவனாவது செய்துகொள்ளட்டும் என்று நொடியில் உறுதி செய்துகொண்டார்.

இதழை வடிவமைத்த ரஃபியாவை அழைத்து, இவ்வெழுத்தைத் தேர்ந்தவர் யார் என்று கேட்டார். அவரை அன்றே முதன்முறை கண்ட அப்பெண், கேள்வியின் சூடறியாமல், தொழில் மகிழ்ச்சியோடு விளக்கத் தொடங்கினாள். கோட்டு முனைகளில் சிறு பாதம் போன்ற குறுங்கோடுகள் உண்டு. தடிப்பும் மெலிவும் மாறி மாறி ஓடும். நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளியதன்று, சாய்வுக்கென்றே தனியே வரைந்தது. ஏடு முழுதும் இட்டால் கண் களைத்துவிடும், ஆகவே உயர்த்திக் காட்டவேண்டிய ஒற்றை வரிக்கே இடுவது என்றாள். அவருக்கோ ஒவ்வொரு சொல்லும் மழுப்பலாகவே பட்டது.

"கதையெல்லாம் வேணாம் ஆத்தா. யாரு சொல்லி இதப் போட்ட?"

கேட்டவாறே அவர் மேசையை நோக்கி இரண்டடி வைத்ததை அப்போதுதான் அவள் கண்டாள், கண்டதும் அவள் பார்வை அந்தச் சாய்ந்த வரிக்குத் தாவியது. அந்தப் பார்வையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அவருக்குத் தோன்ற, மறுபடியும் அதட்டினார்.

"உங்க தங்கச்சிதாண்ணே," என்றாள் மெல்ல. "பத்து விதமா எழுத்துக் காட்டுனேன். இதப் பாத்ததும் கண்ணு கலங்கிட்டாக. 'எங்கண்ணன் வாசலுக்கு வர்ற மாதிரியே இருக்கு, இதையே போடுத்தா'ன்னாக. எனக்கு அப்பப் புரியல."

அவர் ஐயுற்றது மெய்தான். எழுத்து அவர் நடையைத்தான் காட்டிற்று. அவ்வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பின்னர்த் தங்கையைக் கைப்பேசியில் அழைத்து, கூடலூர் வரை உள்ள உறவினர் வீடுகளுக்கெல்லாம் அழைப்பிதழைத் தாமே நேரில் சென்று கொடுப்பதாகச் சொல்லி, கட்டைத் தோளிலேற்றிக்கொண்டு கடைத்தெருவில் இறங்கி நடந்தார். தம் நடையை எவரெவர் எள்ளினர் என்று ஐம்பது ஆண்டுகள் எண்ணிக்கிடந்தவர், அந்த நடையின் ஓசைக்காக ஒருத்தி வாசலில் காத்திருந்ததை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லையே, அன்பரே.