வயிறு ஒட்டிய ரப்பர் குழாய்

சால் பாதிகூட முடியவில்லை, சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. அக்கா கலப்பையைத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, டிராக்டரை அப்படியே நிறுத்தினாள். வரப்பில் நின்ற தம்பி, இதைத்தானே சொன்னேன் என்கிற முகத்தோடு பார்த்தான்.

"சாயங்காலம் வண்டிய வாங்குற ஆள் வராரு. அவர் முன்னாடியும் கொதிக்க விட்டு மானத்த வாங்காத."

"கொதிக்கிறது வண்டி. உனக்கு எதுக்குடா ஆவி வருது?"

வாய்தான் அப்படிப் பேசியது. கண் முள்ளை விட்டு நகரவில்லை. அப்பா போனபின் டிராக்டர் இரண்டு பேருக்கும் பொது. ஓட்டுவது அவள். ஊரார் நிலத்தை உழுது கொடுத்துத்தான் அவள் குடும்பம் நடக்கிறது. வண்டி கைமாறினால் மறுபடி பழம் அடுக்கும் கிடங்குக்குப் போய், மேற்பார்வையாளன் விசிலுக்கு எழுந்து உட்கார வேண்டும். வெடித்துக் கிடக்கும் என்ஜினைவிட ஓடுகிற என்ஜினுக்கு நல்ல விலை, அதற்குள் விற்றுவிடலாம் என்பது தம்பியின் கணக்கு. அதிலும் தப்பில்லை.

மெக்கானிக் ரேடியேட்டர் அருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எந்த இயந்திரத்தையும் முதலில் தொட்டுக் கண்ணை மூடுவார் என்பதால் அவருக்கு 'நாடி' என்று பெயர். அவர் செய்யாதது எதுவும் பாக்கியில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. ஃபேன் பெல்ட்டை இறுக்கியாயிற்று. மூடி புதிது, தெர்மோஸ்டாட் புதிது. கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும், வரவில்லை. கொட்டகையில் நிறுத்தி மெதுவாக ஓட விட்டால் முள் அசைவதே இல்லை. வயலில் கலப்பை இறங்கினால்தான் பேய் பிடிக்கிறது.

"இப்ப பாருங்க, எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார் நாடி, சலிப்போடு.

அந்த 'இப்ப' அவள் மனதில் தங்கிவிட்டது. இவ்வளவு நாளும் எல்லாரும் பார்த்தது நிற்கிற வண்டியைத்தான். அது தவிக்கிற நேரத்தில் அவள் மேலே உட்கார்ந்திருக்கிறாள், பானெட் மூடியிருக்கிறது.

"அண்ணா, பானெட்டோட பக்கத் தகட்டக் கழட்டுங்க. டேய், நீ ஏறு."

"நானா? போன தடவ வேலியப் பேத்ததுக்கே இன்னும் திட்டுற."

"இங்க வேலி இல்ல. ஏறு!"

என்ஜின் ஆறியதும் தண்ணீர் நிரப்பினார்கள். தம்பி ஓட்ட, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திறந்த பக்கத்தைப் பார்த்தபடியே கூட நடந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சூடு ஏற ஏற, கலப்பை ஆழமாக இறங்கி என்ஜின் உறுமியது. அப்போதுதான் ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாய் நடுவில் மெல்லக் குழிந்தது. மூச்சை உள்ளே இழுத்த வயிறு போல ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"வேகத்தக் கொற!"

குழாய் உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது. ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி குண்டாக நின்றது.

"மறுபடி கூட்டு!"

மறுபடி ஒட்டியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டைவிரலால் அழுத்தினாலும் மசியாத தடித்த ரப்பர் அது. பம்புக்குள்ளே உள்ளங்கை அகலச் சக்கரம் ஒன்று இருட்டில் சுழன்று, தண்ணீரை அவ்வளவு மூர்க்கமாக உறிஞ்சுகிறது. இத்தனை வருடம் இதன் மேல் உட்கார்ந்துதான் பாட்டு முனகிக்கொண்டு போயிருக்கிறாள்! உறிஞ்ச உறிஞ்ச வழியே அடைபட்டு, கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கிடைக்காமல் தவித்திருக்கிறது என்ஜின்.

நாடி ஓடிவந்து பார்த்தார். கண்ணை மூடவில்லை. வாயைத்தான் திறந்தார். தம்பியும் வண்டியை நிறுத்திக் வேகம் கூட்டும் கைத்திராட்டிலை ஏற்றி வைத்துவிட்டு, இறங்கிவந்து எட்டிப் பார்த்தான். குழாய் ஒட்டியது, உப்பியது, ஒட்டியது.

"தொண்டை மாதிரி இருக்குக்கா" என்றான் தம்பி, சின்னக் குரலில்.

"இதுக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கும்" என்றார் நாடி. "குழாய் ஒட்டாம தாங்கிப் பிடிக்க. குழாய மாத்தினப்ப, தண்ணி தாராளமாப் போகட்டும்னு நான்தாம்மா அத உருவிப் போட்டேன்."

"தாராளமாத்தான் போச்சு, கொதிச்சு வெளிய" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேறு சுருளுக்கு எங்கே போவது? என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து குழாயைக் கழற்றினார்கள். நாடி தடித்த கம்பியை மண்வெட்டிப் பிடியில் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்கி, குழாய்க்குள் திருகித் திருகி ஏற்றினார். "ரெண்டு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள நல்லதா ஒண்ணு வாங்கிடுறேன்."

இந்த முறை அவளே ஏறினாள். நாடி கூடவே நடந்து, குழாயைப் பார்த்துத் தலையாட்டினார். முள் நடுவில் வந்து நின்றது. ஒரு சால், இரண்டு சால், அப்புறமும் அங்கேயே நின்றது.

வரப்பில் வாங்குகிற ஆள் வந்து நிற்பதை அவள் திரும்பும்போதுதான் பார்த்தாள். வெயில் சாய்ந்திருந்தது.

"கொதிக்குதுன்னு சொன்னீங்க, கம்பீரமா ஓடுதே!" என்று அவர் தம்பியிடம் சொல்வது கேட்டது. "இப்படின்னா இன்னும் சேத்தே கொடுக்கலாம்."

சரியாக்கியதே வினையாகிவிட்டதோ? வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தாள்.

தம்பி கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தான். திறந்திருந்த பக்கத்தையே பார்த்தான்.

"அக்காதான் ஓட்டுறாங்க" என்றான். "அவங்க இறங்கி வந்தா கேட்டுக்கோங்க."

அவள் இறங்கவில்லை. கலப்பையை மண்ணில் இறக்கி அடுத்த சாலைத் தொடங்கினாள்.