சின்னவள்

பத்து வருடம் மனநல ஆலோசகராக இருந்த பிறகு அவள் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தாள். தன்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் உயிரை மாய்த்துக்கொண்டால் ஆலோசகர் என்ன ஆகிறார் என்பதுதான் தலைப்பு.

"உங்களுக்கு நடந்திருக்கா?" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

"ஒரு காலேஜ் பொண்ணு சார்."

"புண்ணைக் கிளறிக்கிறீங்க."

"ஆறினாதானே சார் கிளற."

மற்ற ஆலோசகர்களின் பேட்டிகளைப் பதிவு செய்து வந்து, வீட்டில் காதில் ஹெட்போன் மாட்டித் தட்டச்சு செய்தாள். அவர்கள் பேச்சை நிறுத்தும் இடங்களில் இறந்துபோன அந்தக் காலேஜ் பெண் மூச்சிழுப்பது கேட்டது. பின்னால் ஓட்டிப் பார்த்தால் வெறும் மின்விசிறி இரைச்சல்.

ஒரு நாள் கணவன் அறை வாசலில் நின்றான். "யார்கிட்ட 'சொல்லும்மா, சொல்லும்மா'ங்கற? வேலில போன ஓணானை மடியில விட்டுக்கிட்டியே!" கேலியாகத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான்.

மறுவாரம், இறந்த பெண்ணின் அம்மா ஆலோசனை மையத்துக்கு வந்தாள்.

"சண்டை போட வரலை. என்னைப் பத்தி அவ ஏதாவது சொன்னாளா?"

அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது, பேசியவர் செத்தாலும்தான். அது தெரிந்தே வாயைத் திறந்தாள்.

"பாத்திரம் கழுவறப்ப நீங்க முணுமுணுத்துப் பாடுவீங்களாம். அதைக் கேட்டாத்தான் தூக்கம் வரும்னு சொன்னா."

"நானா? நான் பாடவே மாட்டேனே..." அம்மாவின் குரல் இறங்கியது. "சின்னவ நேத்து காதைப் பொத்திக்கிட்டு அழுதா. 'பாடாதம்மா, அக்கா வர்ற மாதிரி இருக்கு'ன்னா. நான் எங்கடி பாடினேன்னு திட்டிட்டேன்."

"சின்னவளை நல்ல ஆலோசகர் ஒருத்தர்கிட்ட அனுப்பறேன்," என்றாள் அவள்.

"வேற யாரும் வேணாம். பெரியவளைத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

முடியாது என்று சொல்ல நூறு காரணம் இருந்தது. ஆனாலும் சின்னவளைக் கூட்டி வரச் சொன்னாள்.

இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் ஆய்வை ஒரு வருடம் தள்ளிவைத்தாள். பேராசிரியர் கடிந்துகொண்டார், கையெழுத்தும் போட்டார்.

சின்னவள் வந்தாள். முதல் நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி கேட்டாள்:

"அக்கா இங்க சிரிச்சிருக்காளா?"

"சிரிச்சிருக்கா. சத்தமா."

"அப்ப அடுத்த வாரமும் வரேன்."