இரண்டாம் மாடி அழைப்பு

சாவி என் பையில் இல்லை. முதல் மாடியில் நின்றபடி என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மணி என் தலைக்கு மேலேயே அடித்தது. எட்டிப் பார்த்தால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். காதில் வைத்த கைபேசிதான் அலறிக்கொண்டிருந்தது. அந்த மாடியில் குடியிருக்கும் டீச்சர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஒரு வருஷமாகவே இவருக்குப் படியேறும்போதுதான் அழைப்பு வரும், திருப்பத்துக்கு ஒன்று. பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறவருக்கு மந்திரியைவிட அதிகப் பேச்சு என்று நானே கேலி செய்திருக்கிறேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

முப்பது வருஷம் அடித்த பெயின்ட் நுரையீரலைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்தால் இருக்கிற நாளாவது நீளுமாம். இவர் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். மெஷின் வந்தால் நோயாளி வீடு என்று ஆகிவிடுமாம். குளித்தாலே மூச்சு வாங்கியதால் குளிப்பதைக் குறைத்துக்கொண்டு தண்ணீரைக் குறை சொன்னார். இருமல் வரும் என்று சிரிப்பதையும் விட்டார். மூச்சு முட்டிவிடுமோ என்ற பயமே பாதி மூச்சை அடைக்கிறது என்று டாக்டர் சொன்னதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப எனக்குப் பைத்தியம்ங்கிற?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அதே முகம் என்னைப் பார்த்தது. திருடிவிட்டுப் பிடிபட்ட குழந்தையின் முகம். அழைப்பைத் துண்டித்தேன். என் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா அண்ணி, சொல்லுங்க" என்று சத்தமாகப் பேசியபடியே ஏறிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி நடிக்கத் தேவையில்லை. ஆனாலும் அவர் கையை இறக்கவில்லை. நானும் இறக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, என் போனிடம் சொன்னேன்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. அந்த மெஷின் வரட்டுமே."

அவருடைய மூச்சு விசிலடித்தது. பிறகு அவர் தன் போனிடம் சொன்னார்.

"எனக்கும்தான்... பயமா இருக்கு."

மேல்மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். பேச்சைக் கெடுக்கக் கூடாது என்று எங்களைத் தாண்டும்போது ஓசையில்லாமல் நடந்தார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம், இருவர் காதிலும் கைபேசி.